தொடாத தட்டுகள்

"இந்த ரூமைப் பூட்டணும் சார்."

ஆய்வகத்தில் சேர்ந்த முதல் நாளே சீனியர் அக்கா எச்சரித்திருந்தாள். லீவு கேள், நல்ல நாற்காலி கேள், அழுதுகூடக் கேள். வேலையை நிறுத்தச் சொல்லி மட்டும் சாரிடம் கேட்காதே. கேட்டே விட்டேன். பேராசிரியர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அது ஏற்கெனவே பளிச்சென்றுதான் இருந்தது.

எங்கள் பிழைப்பு செல்களை அடித்துப் பார்ப்பது. புற ஊதா விளக்கைக் காட்டுவோம், இல்லையென்றால் நஞ்சில் ஒரு சொட்டு. அடிபட்ட செல் மனிதர்களைப் போல 'ஒண்ணுமில்ல' என்று மழுப்பாது. உடனே பெருகுவதை நிறுத்தும். உடைந்த மரபணுவை ஒட்டுப் போட்டுப் பார்க்கும். முடியாவிட்டால் அக்கம்பக்கத்துக்குத் தொந்தரவில்லாமல் தன்னைச் சுருட்டிக்கொண்டு செத்துப்போகும். சில மட்டும் சாகவும் மாட்டேன், பெருகவும் மாட்டேன் என்று ஊதிப் பரந்து உட்கார்ந்து பக்கத்துச் செல்களையும் கெடுக்கும். சாயம் ஊற்றினால் அவை நீலமாகும். மனிதர்களில் இந்த ரகத்துக்குத் துறைத்தலைவர் பதவி கொடுப்பார்கள்.

சிக்கல் எங்கே வந்ததென்றால், நான் செல் வளர்த்ததைத் தவிர எதுவுமே செய்யாத தட்டுகளும் சாயத்தில் நீலமாயின. விளக்கு இல்லை, நஞ்சு இல்லை. ஒப்பிட்டுப் பார்க்கச் சும்மா வைத்தவை. கை சுத்தம் போதாது என்றார் சார். வீட்டில் முதல் பட்டதாரி, பழக்கம் வர நாளாகும் என்று பெருந்தன்மை வேறு. பிளீச்சிலேயே கையைத் தேய்த்துச் சலவைக்கடையில் உழைக்கும் என் அம்மாவின் மகளுக்குச் சுத்தம் தெரியாதாம்.

மூன்று முறை திரும்பச் செய்தேன். மூன்று முறையும் நீலம். நான்காவது முறை பாதித் தட்டுகளை மேல்மாடித் துறையில் வளர்த்தேன். அங்கே செல்கள் கொழுகொழுவென்று இருந்தன.

அப்போதுதான் மூலையிலிருந்த கண்ணாடிக் கூண்டைப் பார்த்தேன். செல்களைப் பதப்படுத்தும் ஃபார்மலின் மருந்தின் நச்சு ஆவியை வெளியே இழுத்துத் தள்ளுவது அதன் வேலை. வாசலில் ஒரு காகிதத் துண்டு தொங்கும். அது ஆடினால் கூண்டு இழுக்கிறது என்று எல்லோரும் தினமும் பதிவேட்டில் டிக் அடிப்போம். நானும் அடித்திருக்கிறேன். அன்று ஏசியை அணைத்தேன். காகிதம் செத்த பல்லி மாதிரி தொங்கியது. இத்தனை நாள் அதை ஆட்டியது ஏசி. ஆவி முழுக்க அறைக்குள்தான். செல்லுக்கும் எங்களுக்கும் சமபங்கு.

இதையெல்லாம் சொல்லி முடித்தேன். சார் கோபப்படவில்லை. மேல்மாடித் தட்டுகளை மட்டும் ஆய்வேட்டில் போடு, நாளைக்கே கையெழுத்து என்றார். கூண்டை விடுமுறையில் பார்த்துக்கொள்ளலாமாம்.

"அக்கா ஆறு மாசமா இருமுறாங்க சார்."

"அவ சேர்ந்ததுலேருந்தே இருமிக்கிட்டுதான் இருக்கா."

"அவங்க இங்கதானே சார் சேர்ந்தாங்க?"

அக்கா குழாய்களுக்கு லேபிள் ஒட்டுவதை நிறுத்தி, விடுடி என்பதுபோலக் கண்ணைக் காட்டினாள். பாவம், அவளுடைய ஆய்வேட்டுக்கும் சார் இன்னும் கையெழுத்துப் போடவில்லை.

"யோசிச்சு நாளைக்குச் சொல்லு," என்றார் சார், பேனாவைத் திறந்தபடி.

"பாதுகாப்பு அலுவலகத்துல காலையிலயே எழுதிக் கொடுத்துட்டேன். மூணு மணிக்கு வர்றாங்க. அவங்க வர்றதுக்கு முன்னால உங்ககிட்ட சொல்றதுதான் மரியாதைன்னு வந்தேன்."

"அப்போ உன் ஆய்வேடு?"

மேல்மாடித் துறைப் பேராசிரியை என்னைத் தன் மாணவியாக எடுத்துக்கொள்வதாகச் சொல்லியிருந்தார். முதலிலிருந்து தொடங்க வேண்டும், முழுசாக ஒரு வருடம் போகும். மேல்கோட்டைக் கழற்றி நாற்காலியில் போட்டுவிட்டு வெளியே நடந்தேன். போனால் போகட்டும்.