குலசேகரம் தூக்கிய துண்டு

ஜப்பான்காரன் பினாங்கைப் பிடித்த கையோடு எல்லாச் சங்கங்களையும் கலைத்தான். ஓட்டக்காரர்களுக்குப் பயிற்சி கொடுத்து, சுளுக்கெடுத்து, கட்டுப் போடும் நாலு பேர் நடத்திய சங்கத்தைக்கூட விடவில்லை. செயலாளர் குலசேகரம் உத்தரவைப் படித்துச் சிரித்தார். சிரித்துவிட்டு, ஷேக் அலாவுதீனின் காப்பிக்கடைப் பின்கட்டில் வழக்கம்போல ஞாயிற்றுக்கிழமை கூட்டம் போட்டார்.

சங்கத்தில் ஒரே ஒரு பெரிய விதி. காலுக்கு ஆபத்து என்று பயிற்சியாளர் வெள்ளைத் துண்டைத் தூக்கினால் ஓடுகிறவன் நின்றுவிட வேண்டும். ஏன் எதற்கு என்று கேட்கக் கூடாது. நிற்காதவன் காலை எந்த உறுப்பினரும் தொடமாட்டார்.

அந்த விதிக்குக் கட்டுப்பட்டுக் கெட்டவன் நல்லமுத்து. நாற்பதாம் வருடத்து இறுதிப் போட்டியில் அவன் முன்னால் ஓடிக்கொண்டிருக்கையில், இடது கணுக்கால் மடங்குகிறது என்று குலசேகரம் துண்டைத் தூக்கினார். நின்றான், கோப்பை போனது. மறுநாள் பார்த்தால் காலில் ஒரு மண்ணும் இல்லை. தப்பு தன்னுடையது என்று குலசேகரத்துக்குத் தெரியும். ஒத்துக்கொள்ளத்தான் வாய் வரவில்லை. "என் காலுக்கு ஒன்னுமில்ல, அவரு கண்ணுலதான் கோளாறு" என்று துறைமுகம் முழுக்கச் சொல்லித் திரிந்தான் நல்லமுத்து. அவர் முகத்திலும் முழிப்பதில்லை.

நாற்பத்து மூன்றில், ஜப்பான் சக்கரவர்த்தி பிறந்தநாளுக்குப் பாடாங் மைதானத்தில் ஒரு மைல் ஓட்டம் வைத்தார்கள். முதல்நாள் மாலை, ஜப்பான் அதிகாரியின் மொழிபெயர்ப்பாளர் விநாசித்தம்பி, குலசேகரத்தைத் தேடி அலாவுதீன் கடைக்கு வந்தார். முன்னால் வைத்த மரவள்ளிக்கிழங்கைத் தொடவில்லை.

"அண்ணே, பரிசெல்லாம் சும்மா லா. ஓடி முடிக்கிறவன அப்படியே லாரியில ஏத்தி சயாமுக்கு அனுப்புறான், ரயில் பாதை போட. வராதவன் வீட்டுக்குப் போலீஸ் போவும்."

ஓடப்போகிறவர்கள் பன்னிரண்டு பேர், எல்லாரும் சங்கத்தில் பழகியவர்கள். ஒருவன் காதில் ஊதினாலும் விடிவதற்குள் அது அதிகாரி காதுக்குப் போய்விடும். ஒற்றர்கள் மலிந்த காலம்.

"சொல்ல வேணாம். துண்டு இருக்குல்ல," என்றார் அலாவுதீன்.

"நல்லமுத்து நிக்கமாட்டான்," என்றார் குலசேகரம்.

"அவன நிறுத்துறது உங்க பாடு."

மறுநாள் மூன்றாவது சுற்றில், மைதானத்தின் நாலு மூலையிலும் துண்டுகள் எழுந்தன. பதினோரு பேர் கடிவாளம் இழுத்ததுபோல நின்று, காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். நல்லமுத்து மட்டும் குலசேகரத்தை ஏறிட்டுப் பார்த்துவிட்டு அவரைத் தாண்டி ஓடினான்.

குலசேகரம் மைதானத்தின் குறுக்கே ஓடினார். முடிவுக் கோட்டருகே போய்த் துண்டை இரண்டு கையாலும் தூக்கினார்.

"நல்லமுத்து, அன்னைக்கு என் தப்பு," என்று கூட்டமே கேட்கக் கத்தினார். "இன்னைக்குத் தப்பில்ல. நில்லுடா."

கோட்டுக்கு நாலடி இருக்கும்போது நின்றான்.

ஜப்பான் அதிகாரி மேடையிலிருந்து இறங்கி வந்து குலசேகரத்தை அறைந்தான். மூக்குக்கண்ணாடி புல்லில் விழுந்தது.

"யாரு உத்தரவுன்னு கேக்குறாரு," என்றார் விநாசித்தம்பி.

"உத்தரவில்ல. சங்கத்தோட விதி."

"சங்கத்தத்தான் கலைச்சாச்சேங்குறாரு."

"அவரு கலைச்சாரு. நாங்க கலையல."

விநாசித்தம்பி அதை எப்படிச் சொன்னாரோ, இரண்டாவது அறை விழுந்தது. ஆக, ஒழுங்காகத்தான் மொழிபெயர்த்திருக்கிறார்.

அதிகாரி நல்லமுத்து பக்கம் திரும்பினான். வீக்கமில்லை, காயமில்லை, உன் காலுக்கு என்ன என்றான். நல்லமுத்து, குலசேகரத்தின் உதட்டில் வழிந்த ரத்தத்தைப் பார்த்தான். அப்படியே உட்கார்ந்து இடது கணுக்காலைப் பிடித்துக்கொண்டான்.

"போன காலுங்க. மூணு வருஷமாச்சு. இவரு அப்பவே சொன்னாரு, நான்தான் நம்பல."

பன்னிரண்டு நொண்டிகளைச் சயாமுக்கு அனுப்பினால் மேலதிகாரி இந்த அதிகாரியின் காலை முறிப்பான். லாரி குலசேகரத்தை மட்டும் ஏற்றிக்கொண்டு காவல் நிலையத்துக்குப் போனது.

பதினெட்டு நாள் உள்ளே வைத்திருந்தார்கள். அந்தப் பதினெட்டு நாளும் நல்லமுத்து துறைமுகத்தில் நொண்டிக்கொண்டேதான் மூட்டை சுமந்தான். பிறகு வந்த ஞாயிற்றுக்கிழமை, குலசேகரம் வீங்கிய முகத்தோடு பின்கட்டில் கூட்டத்தைத் தொடங்கும்போது உள்ளே வந்தான். பெஞ்சில் உட்கார்ந்து, ஒரு குறையும் இல்லாத இடது காலை அவர் முன்னால் நீட்டினான்.

"புடிச்சு விடுங்கண்ணே," என்றான்.