மகமைப் பணத்துக்கு ஒரு பட்டிமன்றம்

எனக்கு வாய் நீளம் என்று விருதுநகரில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். பொருளாதாரத்தில் எம்.ஏ. படித்த பிறகு அது இன்னும் ஒரு முழம் வளர்ந்துவிட்டது என்பாள் என் அம்மா சுப்புத்தாய். அப்படிப்பட்ட என்னைத்தான் 2008 சித்திரைப் பொங்கலுக்குச் சிவகாசியில் பட்டிமன்ற மேடை ஏற்றினார்கள். அதுவும் நான் கட்டிக்கொள்ளப் போகிறவருக்கு எதிரணியில்.

‘நாட்டின் கையிருப்பு டாலரை உலகச் சந்தையில் முதலீடு செய்வது அறிவா, ஆபத்தா’ என்பது தலைப்பு. ஏற்பாடு பலவேசம் மாமா. விஸ்வநத்தத்தில் பட்டாசுக் கம்பெனி வைத்திருக்கிறார், எங்கள் சமூகத்து வியாபாரிகள் சங்கமான உறவின்முறைக்குத் தலைவர், எனக்கு வருங்கால மாமனார். அவர் மகன் மணிகண்டராஜ் ‘அறிவு’ அணிக்குத் தலைவர், நான் ‘ஆபத்து’ அணிக்கு. டெல்லியில் பேசுகிற விஷயத்தை மாமா ஏன் சிவகாசிக்கு இழுத்து வருகிறார் என்று எல்லோருக்கும் தெரியும். மகமைப் பணம் பேங்கில் சும்மா தூங்குகிறது, ஷேர் மார்க்கெட்டில் போட்டால் வளரும் என்று அப்பாவும் மகனும் பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார்கள். பட்டிமன்றத்தில் கூட்டம் கை தட்டிவிட்டால், அடுத்த வாரம் மகாசபையில் தீர்மானம் சுலபமாக நிறைவேறிவிடும்.

மகமை என்பது விற்கிற ஒவ்வொரு மூட்டைக்கும், ஒவ்வொரு பட்டாசுப் பெட்டிக்கும் வியாபாரி பொதுவுக்கென்று எடுத்துவைக்கிற காசு. அதில்தான் எங்கள் பள்ளிக்கூடமும் தீக்காய ஆஸ்பத்திரியும் நடக்கின்றன. சித்திரை, வைகாசி வெயிலில் பட்டாசு விபத்து கூடும். நாரணாபுரத்திலிருந்தும் புதுப்பட்டியிலிருந்தும் காயம்பட்டவர்களைத் தூக்கிக்கொண்டு வருவார்கள், ஆஸ்பத்திரியில் ஒரு கட்டில் காலியாக இருக்காது. அந்த வருஷம் அரிசி, பருப்பு மாதிரி மருந்தும் விலை ஏறிக்கிடந்தது.

வரும் வழியெல்லாம் அம்மா ஓதிக்கொண்டே வந்தாள். “வைகாசில கல்யாணம். மண்டபம் பேசியாச்சு, பத்திரிகை அச்சுல இருக்கு. உங்கப்பா இல்லாம நான் ஒத்தையா வத்தல் மண்டி நடத்தி உன்னைய இங்கன கொண்டாந்து நிறுத்தியிருக்கேன். தோத்துப் போன்னு சொல்லல. ஜெயிக்காம இரு, அம்புட்டுதான்.”

“சரிம்மா,” என்றேன். மனதாரத்தான் சொன்னேன். எனக்கு மணிகண்டராஜைப் பிடித்திருந்தது. இதைச் சொல்ல எனக்கென்ன வெட்கம். என் வாய்க்குப் பயப்படாமல் சிரித்த ஒரே ஆள் அவர்தான்.

மேடைக்குப் பின்னால் ஒரு சின்ன அறை. அவர் கையில் சோடாவை வைத்துக்கொண்டு, குடிக்காமல் உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்து கதவைச் சாத்தினார்.

“என்ன அத்தான், பொண்டாட்டி ஆகப்போறவகிட்ட தோத்துருவோம்னு பயமா?”

அவர் சிரிக்கவில்லை. “ஆர்த்தி, ஒண்ணு சொல்லணும். உன்கிட்ட மட்டும். மகமைப் பணம் இப்ப பேங்குல இல்ல.”

எனக்கு முதலில் புரியவில்லை.

“கார்த்திகையிலயே எடுத்து ஷேர்ல போட்டாச்சு. அப்பா கையெழுத்துப் போட்டாக. தையில மார்க்கெட் விழுந்துச்சே, அதுல மூணுல ஒரு பங்கு போயிருச்சு. திரும்ப ஏறிரும் ஆர்த்தி. நாடு ஒன்பது சதவீதம் வளருது, மார்க்கெட் விழுந்தேவா கெடக்கும்? அடுத்த வாரம் தீர்மானம் ஆயிட்டா முன்தேதி போட்டுச் சரி பண்ணிறலாம்.”

“யாரைக் கேட்டு எடுத்தீக?”

“கேட்டா விடுவாகளா?”

“அப்ப எங்கிட்ட எதுக்கு இப்ப சொல்றீக?”

“நாளைக்கு உனக்கு வேற யாராச்சும் சொல்லி, நீ என் மூஞ்சியிலயே முழிக்க மாட்டேன்னு போயிறக் கூடாதில்ல. நீ நல்லாப் பேசு. டாலரைப் பத்தி எம்புட்டு வேணும்னாலும் பேசு. மகமையை மட்டும் இழுத்துறாத.”

எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. அறைந்துவிடலாம் போலவும் இருந்தது. அந்த முகத்தைப் பார்த்தால் பாவமாகவும் இருந்தது. அதற்குள் மைக்கில் எங்கள் பெயரைக் கூப்பிட்டுவிட்டார்கள்.

முதலில் அவர் பேசினார். நன்றாகவே பேசினார். “விலைவாசி ஏறுற வேகம் ஏழு சதவீதத்தைத் தாண்டிருச்சு. நாமளோ நம்ம டாலரை அமெரிக்காக்காரன் பத்திரத்துல போட்டு வச்சிருக்கோம். அவன் தர்ற வட்டி டீச்செலவுக்குக் காணாது. சிங்கப்பூரைப் பாருங்க, அரபு நாடுகளைப் பாருங்க. நாட்டுக்குன்னு ஒரு நிதி வச்சு, உலகம் பூரா கம்பெனிகள்ல பங்கு வாங்கிப் போட்டிருக்கான். பணம் தூங்கக் கூடாது, உழைக்கணும்.” கூட்டம் தட்டியது. முன்வரிசையில் பலவேசம் மாமா எல்லோருக்கும் முந்தித் தட்டினார்.

என் முறை வந்தது. டாலரைத் தாண்டக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு எழுந்தேன்.

“அரபுக்காரன்கிட்ட இருக்கிறது எண்ணெய் வித்த லாபம். நம்மகிட்ட அப்படி எந்த லாபம் மிஞ்சிக் கெடக்கு? நாம வெளிநாட்டுக்கு விக்கிறதை விட அங்கிருந்து வாங்குறதுதான் அதிகம். நம்ம கையிருப்புல பெரும்பங்கு, வெளிநாட்டுக்காரன் இங்கன முதலீடு பண்ணக் கொண்டாந்த பணம். நாளைக்கே அவன் கெளம்புறேன்னா எடுத்துக் குடுக்கணும். அடுத்தவன் நம்ம வீட்டுல வச்சிட்டுப் போன பணத்தை எடுத்து நாம யாவாரம் பண்ணலாமா?”

இதற்கும் தட்டினார்கள். அத்தோடு உட்கார்ந்திருக்கலாம். உட்காரத்தான் திரும்பினேன். அவர் என்னைப் பார்த்து, தப்பித்தோம் என்று மூச்சு விட்டார். மாமாவும் சாய்ந்து உட்கார்ந்து பன்னீர் தெளித்த துண்டால் முகத்தைத் துடைத்தார். அந்த நிம்மதியைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. மருந்து வாங்குகிற பணத்தைத் தொலைத்துவிட்டு இவர்களுக்கு என்ன நிம்மதி வேண்டியிருக்கிறது? மறுபடி மைக்கைப் பிடித்தேன்.

“ஒரே ஒரு கேள்வி. டெல்லிக்காரனாச்சும் எடுக்கிறதுக்கு முன்னால எடுக்கலாமான்னு நாடு பூரா பேசுறான். யாரையும் கேக்காம பொதுப்பணத்தை எடுத்துப் போட்டு, அது குறைஞ்சும் போச்சுன்னா, எதிரணித் தலைவர் என்ன பதில் வச்சிருக்காக?”

அவர் மாமாவைப் பார்த்தார். எழுந்தார், தண்ணீர் குடித்தார், பாதித் தண்ணீர் சட்டையில் சிந்தியது. “அது வந்து... அப்படி நடந்தா...” என்றவர் நின்றுவிட்டார்.

ராஜபாளையத்திலிருந்து வந்திருந்த நடுவர் சீனிச்சாமி ஐயா, “மாப்பிள்ளைக்கு இப்பவே வாயடைச்சுப் போச்சு,” என்று சமாளித்தார். பின்வரிசை சிரித்தது. முன்வரிசை வியாபாரிகள் சிரிக்கவில்லை. வத்தல் மூட்டையில் ஈரம் இருக்கிறதா என்று கையை விடாமலே சொல்கிற ஆட்கள் அவர்கள். ஒருவர் மாற்றி ஒருவர் பலவேசம் மாமாவைத் திரும்பிப் பார்த்தார்கள்.

அப்போது பெண்கள் பக்கம் நாற்காலி நகர்ந்தது. எழுந்தவள் என் அம்மா.

எங்கள் உறவின்முறையில் ஒரு முறை உண்டு. மகமை கொடுக்கிற எவரும் சபையில் எழுந்து கணக்குக் கேட்கலாம். கேட்டுவிட்டால் தலைவர் எழுந்து நின்றுதான் பதில் சொல்ல வேண்டும். அப்பா போன பிறகு அம்மா தன் பெயரில்தான் மகமை கட்டுகிறாள். ஆனால் பெண்கள் யாரும் அதுவரை எழுந்து கேட்டதில்லை.

“அண்ணாச்சி, நான் வத்தல் மண்டி சுப்புத்தாய் கேக்கேன். நம்ம மகமைப் பணம் பேங்குல இருக்கா?”

“உக்காருங்க தங்கச்சி. இது பட்டிமன்றம், சபை இல்ல.”

“மகமை கொடுக்கிறவுக பூராம் இங்கனதான் இருக்கோம். இருக்கு, இல்ல, ரெண்டுல ஒண்ணு சொல்லுங்க. நான் உக்காந்துக்கிறேன்.”

மாமா நாற்காலிக் கையைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். அவர் மேடையைப் பார்த்தார், எல்லோரும் மேடையைப் பார்த்தார்கள்.

மணிகண்டராஜ் மைக் அருகே வந்தார். “இல்ல அத்தை. நான்தான் எடுத்து ஷேர்ல போடச் சொன்னேன். மூணுல ஒரு பங்கு போயிருச்சு. அப்பா என்னைய நம்பிக் கையெழுத்துப் போட்டாக.”

அதற்குப் பிறகு யார் என்ன பேசினார்கள் என்று எனக்குத் தெரியாது. நாற்காலிகள் சாய்ந்தன, துண்டுகள் பறந்தன, யாரோ மைக்கைப் பிடுங்கினார்கள். மீதிப் பணத்தை விடிந்ததும் எடுத்துப் பேங்கில் கட்ட வேண்டும், குறைந்ததற்குப் பட்டாசுக் கம்பெனியை உறவின்முறை பேரில் எழுதி வைக்க வேண்டும் என்று அங்கேயே பேசி முடித்தார்கள். பலவேசம் மாமா எல்லாவற்றுக்கும் தலையாட்டினார்.

நான் மேடைக்குப் பின்னால் படியில் நின்றேன். அவர் நாலு பேருக்கு நடுவில் வந்தார். என்னைப் பார்த்ததும் நின்றார்.

“அம்மாகிட்ட நான் ஒண்ணும் சொல்லல அத்தான்,” என்றேன்.

“தெரியும்.”

“அது தீக்காயத்துக்கு மருந்து வாங்குற பணம்.”

“அதுவும் தெரியும். நீ கேட்டது சரிதான். ஆனா நான் உன்கிட்ட மட்டும்தான் சொன்னேன் ஆர்த்தி.” அதற்கு மேல் நிற்காமல் இறங்கிப் போய்விட்டார்.

காரில் திருத்தங்கல் தாண்டினோம். கல்யாணம் நின்றுவிட்டது என்று யாரும் எங்களுக்குச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அம்மா என்னைத் திட்டுவாள் என்று காத்திருந்தேன். நீ எதுக்கும்மா எந்திரிச்சே என்று நானும் சண்டை பிடிக்கத் தயாராக இருந்தேன்.

அம்மா ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே பேசினாள். “இருக்குன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நான் நம்பி உக்காந்திருப்பேன். அம்புட்டுப் பேருக்கு முன்னால இல்லன்னு சொன்னான் பாத்தியா. நல்ல பையன்டி.”

அதைக் கேட்ட பிறகுதான் எனக்கு அழுகை வந்தது.