கடைப்பால்

விமலா மூன்று லீட்டர் பிளாஸ்டிக் போத்தலின் மூடியைத் திருகிக்கொண்டிருந்தபோது சுஜீவா பாய்ந்துபோய் அவளுடைய கையைப் பிடித்தாள்.

"மச்சாள், அது வேண்டாம்."

"பின்ன எதைப் பருக்கிறது? நேர்ஸ் பிள்ளை சொன்னதைக் கேட்டனீதானே. இண்டைக்குத் தாண்டாது."

"அது கடைப்பால். அவர் குடிக்கமாட்டார்."

விமலா, சுஜீவாவின் புருஷன் விக்னராஜாவின் அக்கா. காலையில் நோபல் பார்க்கிலிருந்து வரும் வழியில் சுப்பர்மார்க்கெட்டுக்குள் புகுந்து சீனி, தேயிலை, பால், கடதாசிக் கோப்பை எல்லாம் வாங்கிக்கொண்டு வந்திருந்தாள். செத்தவீட்டுக்கு என்னென்ன தேவை என்று அவளுக்குத் தெரியும். தம்பி இன்னும் சாகவில்லை என்பது மட்டும்தான் குறை.

அறைக்குள் மூச்சு இழுத்துக்கொண்டிருந்தது. மாடுகளுக்காக மாடாய் உழைத்த உடம்பு, போர்வைக்குள் இருக்கிற இடமே தெரியவில்லை.

விக்னராஜா அகதியாய்ப் படகில் வந்தவர். டண்டினோங்கில் தொழிற்சாலை வேலை, பிறகு வாரகுல் பக்கம் டெக்லனின் பண்ணையில் பால் கறக்கும் வேலை, பிறகு பக்கத்துக் காணியைக் குத்தகைக்கு எடுத்துச் சொந்தமாய் மாடுகள். நன்றாகத்தான் போனது. பிறகு பால் கொம்பனி விலையைக் குறைத்தது. தேர்தலும் வந்தது. இரண்டு கட்சிக்காரர்களும் புதுச் சப்பாத்தோடு வந்து மாட்டுக்குப் பக்கத்தில் நின்று படம் எடுத்தார்கள். ஒருத்தர் வென்றார். வெளிநாட்டு வெண்ணெய் மலிவாக வந்து இறங்கியது. விலை இன்னும் விழுந்தது.

"ராமன் ஆண்டாலென்ன, ராவணன் ஆண்டாலென்ன" என்றார் விக்னராஜா. ராமன் எந்தக் கட்சி என்று டெக்லன் கேட்டான்.

டெக்லன் அயர்லாந்திலிருந்து வந்தவன். அவனுடைய தம்பி அங்கே இன்னும் மாடு வைத்திருக்கிறான். இந்தக் காணிக்கு இத்தனை மாடுதான் என்று பிரஸ்ஸல்ஸிலிருந்து ஐரோப்பியச் சட்டமாம், பால் விலையும் படுத்துவிட்டதாம். இரண்டு பேரும் வேலியில் சாய்ந்துகொண்டு உலகத்து அரசாங்கங்கள் எல்லாவற்றையும் திட்டுவார்கள். அந்த ஒன்றுதான் நட்டமில்லாமல் நடந்த வேலை.

ஈரலில் வருத்தம் என்று தெரிந்ததும் விக்னராஜா மாடுகளை டெக்லனுக்கு விற்றார். அன்றிலிருந்து பால் விடாத பிளேன்ரீதான். விற்ற மாட்டின் பாலை வாங்க ரோஷம், விலையைக் குறைத்த கொம்பனியின் கடைப்பாலோ வீட்டுக்குள் வரக்கூடாது. பால்ரீ இல்லாமல் சுஜீவாவால் இருக்க முடியவில்லை. ஒரு சின்னப் போத்தலை வாங்கிக் கீரைக்குப் பின்னால் ஒளித்து வைத்தாள். அவர் கண்டுபிடித்துவிட்டார்.

"எங்கட வீட்டுக்குள்ளயே அவங்களைக் கொண்டு வந்திட்டியே" என்று மட்டும் சொன்னார். பேசியிருந்தால்கூட இவ்வளவு நொந்திருக்காது. என்றாலும் அவள் விடவில்லை. அவர் தூங்கிய பிறகு குடித்தாள்.

"மச்சாள், டெக்லனிட்ட நிக்கிற சுட்டியிட பால் எண்டாக் குடிப்பார். அவர் கையால பிறந்த முதல் கண்டுக்குட்டி அது. நான் ஓடிப்போய் வாங்கிக்கொண்டு வாறன்."

"உனக்கென்ன விசரே? இந்த நேரத்தில ஆரும் மனுசனை விட்டிட்டுப் போவினமோ?"

சுஜீவா சில்வர் பேணியை எடுத்துக்கொண்டு முற்றத்தில் நின்ற வானுக்கு ஓடினாள்.

டெக்லனின் முற்றத்தில் பெரிய மாட்டு லொறி நின்றது. மாடுகள் ஒவ்வொன்றாகப் பலகையில் ஏறிக்கொண்டிருந்தன. டெக்லன் அவளைக் கண்டதும் தொப்பியைக் கழற்றினான். இந்தமுறை கொம்பனி அறிவித்த விலையோடு என்னால் இயலாது, இன்று காலையோடு நிறுத்திவிட்டேன், மாடுகள் இறைச்சிக்குப் போகின்றன என்றான். விக்னாவுக்குத் தெரியவேண்டாம் என்றுதான் சொல்லவில்லை. காலைப்பாலும் தாங்கி லொறியில் போய்விட்டது.

சுஜீவா பேணியை நீட்டினாள்.

"ஃபோர் விக்னா. லாஸ்ற் மில்க்."

நெற்றியில் வெள்ளையோடு வரிசையில் நின்ற சுட்டியை டெக்லன் வெளியே இழுத்தான். லொறிச் சாரதி முறுமுறுத்தான். டெக்லன் அவனுக்குச் சொன்ன சொல்லைத் தமிழில் சொல்லாமல் விடுவது நல்லது. சேற்றில் முழங்காலை ஊன்றி, மாட்டின் வயிற்றில் நெற்றியை வைத்துக்கொண்டு கையால் கறந்தான். பேணி நிறைந்த பிறகும் சற்றுநேரம் நெற்றியை எடுக்கவில்லை. அவனுடைய தோள் குலுங்கியது. சுட்டி தானாகவே திரும்பிப்போய் வரிசையில் நின்றது.

வீட்டு வாசலில் விமலா நின்ற நிலையிலேயே தெரிந்துவிட்டது.

"தம்பி போயிட்டான், பிள்ளை. உன்னைப் பாத்துக்கொண்டு நிக்க ஏலாமப் போச்சு. வெறும் வாயோட விடக்கூடாதெண்டு அந்தப் பாலைத்தான் மூண்டு கரண்டி விட்டனான்." விமலா மூக்கைச் சிந்தினாள். "ஒரு சொட்டும் இறங்கேல்லை. எல்லாம் வழிஞ்சு போச்சு."

"இறங்காதுதான்" என்றாள் சுஜீவா. சிரிப்புப்போல ஒன்று வந்தது. அது பாதியிலேயே உடைந்தது. உள்ளே போய்க் கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு அழுதாள். கூட இருந்திருக்க வேண்டும். இந்தப் பிடிவாதம் பிடித்த மனுசனின் கையைப் பிடித்துக்கொண்டு இருந்திருக்க வேண்டும்.

கடைவாயிலிருந்து தலையணை வரைக்கும் வெள்ளையாய் ஒரு கோடு. முந்தானையால் துடைத்தாள். பேணி இன்னும் சூடாக இருந்தது. ஒரு கரண்டி எடுத்து, மெதுவாக, உதடுகளுக்கு நடுவில் விட்டாள்.

அதுவும் வழிந்தது.

அதையும் அதே முந்தானையால் துடைத்தாள்.

பின்னேரம் நோபல் பார்க்கிலிருந்தும் கிளேட்டனிலிருந்தும் ஆட்கள் வரத் தொடங்கினார்கள். குசினியில் கேத்தில் கொதித்தது. வெளியே ஒரு லொறி கேற்றடியில் வேகத்தைக் குறைத்துத் திரும்பியது. மாடுகள் கத்துவது கேட்டது, பிறகு கேட்கவில்லை. வந்தவர்களில் ஒருவர் யன்னலை மூடினார்.

விமலா கடதாசிக் கோப்பைகளை வரிசையாக அடுக்கிப் போத்தலிலிருந்து பால் ஊற்றிக்கொண்டு வந்தாள்.

"நீ காலமையிலயிருந்து ஒண்டும் குடிக்கேல்லை. உனக்கும் பால் விடட்டே?"

"வேண்டாம் மச்சாள். எனக்குப் பிளேன்ரீ."

விமலா அவளைப் பார்த்தாள். பிறகு போத்தலின் மூடியை எடுத்து இறுகத் திருகினாள்.