செட்லாக் பட்டியில் சூடு

ஏப்ரல் முடிந்தபோது செட்லாக் பண்ணையில் நூற்றுப்பத்துக் கன்றுகள் பிறந்து, நாலு செத்து, மிச்சம் சேற்றில் துள்ளிக்கொண்டிருந்தன. நெப்ராஸ்காவில் அந்த வருஷம் ஏப்ரல் பதினெட்டாம் தேதிகூடப் பனி கொட்டியது. அதற்கு இது நல்ல ஈற்றுதான். ஓரின் செட்லாக் அதற்குச் சந்தோஷப்படவில்லை. நாலு போனதற்கு வருத்தப்படவும் இல்லை. நவம்பரில் தம்பி லெஸ்டர் செத்துப்போனதிலிருந்து அவருக்கு உள்ளே எல்லாம் பல் டாக்டர் ஊசி போட்ட ஈறு மாதிரி இருந்தது. கடிபடுவது ரொட்டியா தன் கன்னமா என்றுகூடத் தெரியாது.

வேலை மட்டும் தானாக நடந்தது. காலையில் எழுந்து காப்பி வைப்பார். உருளை உருளையாகக் கட்டிய உலர்புல்லை டிராக்டரில் கொண்டுபோய் மேய்ச்சல் வெளியில் விரித்துவிடுவார். மாடுகள் வரிசையாக வந்து வாய் வைக்கும்போது கன்றுகளை ஒவ்வொன்றாகப் பார்ப்பார். எதற்குக் கழிச்சல், எதற்குக் காது தொங்குகிறது, எது மடி தேடாமல் நிற்கிறது என்று பார்த்துக்கொண்டு போவார். காற்றாடிப் பம்பின் தொட்டியில் பாசி எடுப்பார். வேலியில் மான் குதித்த இடத்தைக் கட்டுவார். பிறகு மறுபடியும் காப்பி.

அண்ணன் தம்பி இருவருக்கும் கல்யாணம் இல்லை. அறுபது வருஷத்தில் பாதிக்கு மேல் ஒரே வீட்டில், ஒரே அடுப்பில், ஒரே சண்டையில் போயிற்று. ஓரின் வேலைக்காரர், லெஸ்டர் வாய்க்காரன். ஏப்ரல் கடைசியில் மூன்று மத்தியானம் பிக்கப் வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவான். எட்டு வீட்டுக் காப்பி வாசனையோடும், யாராவது கொடுத்த இலவங்கப்பட்டை பன்னோடும் பொழுது சாயத் திரும்புவான். ஓரின் டிராக்டருக்கு அடியில் படுத்தபடியே கத்துவார்.

"ஊரச் சுத்திட்டு வந்தியா?"

"ஊரு எங்கண்ணே இருக்கு சுத்துறதுக்கு? மொத்தமே எட்டு வீடு."

"கன்னு ஈனுற நேரத்துல ஒரு ஆளு வம்பளக்கப் போறான்னா, அந்த வீடு உருப்படுமா?"

"உருப்படாட்டி என்ன, பன் இருக்கு. தின்னு."

இப்போது அந்தச் சத்தம் இல்லை. டெலிபோன் மட்டும் எப்போதாவது அடித்தது. ஓரின் எடுப்பதில்லை. அது எப்போதும் லெஸ்டருக்கு வரும் போன். லெஸ்டர் இல்லை. பிறகு எடுத்து என்ன பேசுவது? அடித்து ஓயும்வரை ஸ்பூனைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருப்பார், பிறகு சாப்பிடுவார்.

மே மாத முதல் சனிக்கிழமை செட்லாக் வீட்டில் சூடு. கன்றுகளுக்கு இடது தொடையில் பண்ணைக் குறியைச் சுட்டு, ஊசி போட்டு, காளைக் கன்றுகளுக்குக் காயடித்துவிடும் நாள். அந்த வட்டாரத்தின் முதல் சூடு அதுதான், அப்பா காலத்திலிருந்தே. அடுத்த பத்து நாளில் மந்தை வடக்கே கோடைப் புல்லுக்குப் போயாக வேண்டும். அங்கே மூன்று மந்தை பக்கத்தில் பக்கத்தில் மேயும். குறி இல்லாத கன்று யாருடையது என்று கேட்டால் பதில் கிடையாது. வீட்டுப் பக்கத்துப் புல்லோ ஜூனைத் தாங்காது. ஆக, அந்தச் சனிக்கிழமை தவறினால் மந்தை தவறியது மாதிரிதான். நூறு கன்றுக்கு மேல் ஒரு நாளில் முடிக்க வேண்டுமானால் பதினைந்து பேராவது வேண்டும். குதிரையிலிருந்து கயிறு வீச இரண்டு பேர், கன்றைப் படுக்கவைத்துப் பிடிக்க இரண்டிரண்டு பேராக மூன்று ஜோடி, சூட்டுக்கோலுக்கு ஒருவர், கத்திக்கு ஒருவர், ஊசிக்கு இரண்டு பேர், மற்றவர்கள் வாய்க்கு.

அவர்கள் வருவார்கள். எப்போதும் வருவார்கள். தேதிதான் எல்லாருக்கும் தெரியுமே.

வியாழக்கிழமை தடுப்பூசி மருந்து வாங்க டவுனுக்குப் போனார். தீவனக் கடை டீன் அவரோடு பள்ளிக்கூடத்தில் படித்தவன். கல்லாவுக்குப் பின்னால் உட்கார்ந்தே முப்பது வருஷத்தில் முப்பது கிலோ ஏறியவன்.

"நூத்திப்பத்து டோஸா? அப்ப இந்த வருஷமும் சூடு உண்டா?" என்று புருவத்தைத் தூக்கினான்.

"ஏன், கன்னுக்கு இந்த வருஷம் தொடை இல்லையா?"

"கோச்சுக்காத. சும்மா கேட்டேன். யாரெல்லாம் வர்றாங்க?"

"எப்பவும் வர்றவங்கதான்."

டீன் ஏதோ சொல்ல வாயெடுத்தான். பிறகு, வாங்குகிறவனிடம் தேவையில்லாததைச் சொன்னால் வியாபாரம் கெடும் என்ற பழக்கத்தில், மருந்தை ஐஸோடு பெட்டியில் வைத்துக் கட்டினான். "சரி. ஊசி பத்திரம். போன வருஷம் உன் பக்கத்துப் பண்ணை கேலன் தன் கட்டை விரலுக்கே போட்டுக்கிட்டான். இன்னும் அவனுக்குக் கழிச்சல் வரல, பாத்தியா?" என்றான். ஓரின் சிரிக்க வேண்டிய இடம் என்று தெரிந்துகொண்டு சிரித்தார்.

வெள்ளிக்கிழமை விடியலில் கடைசித் தலையீற்றுக் கிடாரி முக்கிக்கொண்டு நின்றது. ஒரு மணி நேரம் பார்த்தார். கால் இரண்டும் வெளியே வந்து மூக்கு வராமல் நின்றது. சங்கிலியைக் காலில் மாட்டி, கிடாரி முக்கும்போது இழுத்து, விடும்போது விட்டு, கடைசியில் கன்று சொத்தென்று வைக்கோலில் விழுந்தது. மூக்கில் ஒரு குச்சியை நுழைத்துத் தும்மவைத்தார். தாய் திரும்பி நக்க ஆரம்பித்தது. அரை மணியில் கன்று எழுந்து சீம்பால் குடித்தது. லெஸ்டர் இருந்திருந்தால் இந்நேரம் அதற்கு ஒரு பெயர் வைத்திருப்பான். ஓரின் காதுவில்லையில் எண் எழுதி மாட்டிவிட்டு, கையைக் கழுவப் போனார்.

சனிக்கிழமை அஞ்சு மணிக்குக் குதிரையில் சேணம் போட்டார். மந்தையை வளைத்துப் பட்டிக்குக் கொண்டுவர ஏழரை ஆனது. வாசலில் தனியாக நின்று, தாய்களை வெளியே விட்டுக் கன்றுகளை உள்ளே நிறுத்தினார். வழக்கமாக இருவர் சேர்ந்து செய்கிற வேலை அது. பிரித்த நிமிஷமே கச்சேரி ஆரம்பித்தது. வெளியே நூறு தாய், உள்ளே நூறு பிள்ளை, எல்லாம் ஒரே சுருதியில். காஸ் அடுப்பைப் பற்றவைத்து, அதில் சூட்டுக்கோல்களைச் செருகினார். மருந்துப் பெட்டியை நிழலில் வைத்தார். மணி ஒன்பது.

ஒன்பதுக்குத்தான் குதிரை ஏற்றிய டிரெய்லர்கள் வரிசையாக வரும். அந்தச் சாலை அஞ்சு மைலுக்கு வளையாது. சமவெளியில் இது ஒரு வசதி: யாரும் வரவில்லை என்பது வெகு தூரத்திலேயே தெரிந்துவிடும்.

ஒன்பதரை. சாலையில் ஒரு முயல் குறுக்கே போயிற்று. பத்து. சூட்டுக்கோல்கள் சரியான சூடான சாம்பல் நிறத்துக்குக் காய்ந்து, அதையும் தாண்டிச் சிவக்கத் தொடங்கின.

சும்மா நிற்பதற்கு ஒன்றையாவது முடிப்போம் என்று, ஒரு கன்றைப் பின்னங்கால் பிடித்துக் கவிழ்த்து, முழங்காலால் கழுத்தை அமுக்கி, எட்டிச் சூட்டுக்கோலை எடுத்தார். கன்று ஒரு உதை விட்டது. குறி பாதி விழுந்து பாதி வழுக்கியது. இன்னொரு முறை வைத்தார். ஊசிக்கு மூன்றாவது கை வேண்டியிருந்தது. முடித்து எழுந்தபோது கால் மணி நேரம் போயிருந்தது. தொடையில் உதை வாங்கிய இடம் வீங்கியிருந்தது. வலி இருக்கத்தான் வேண்டும் என்று நினைத்துக்கொண்டார்.

காஸை மூடினார். வரவில்லை என்றால் அதற்கு ஒரே அர்த்தம்தான். லெஸ்டருக்காக வந்தார்கள், லெஸ்டர் இல்லை, சரி. இதில் கோபப்பட என்ன இருக்கிறது? கதவைத் திறந்து கன்றுகளைத் தாய்களிடம் விட வேண்டியது. திங்கட்கிழமை மாட்டுச் சந்தைக்காரர்களுக்கு ஒரு போன் போட்டால் லாரி அனுப்புவார்கள். தாயும் பிள்ளையுமாக ஜோடி ஜோடியாக விற்றால் வசந்தத்தில் நல்ல விலை. இதை அவர் இன்னொருவர் பண்ணையைப் பற்றி யோசிப்பது போல யோசித்துக்கொண்டே வீட்டுக்குள் போய், சந்தைக்காரர்களின் நம்பரைத் தேட டைரக்டரியைத் திறந்தார். போன் அவர் கைக்கடியிலேயே அடித்தது. யோசிக்காமல் எடுத்துவிட்டார்.

"அப்பாடா! ஆளு உயிரோட இருக்கீங்களா?" மூன்று மைல் தள்ளி இருக்கும் பக்கத்துப் பண்ணை ட்விலா, கேலனின் மனைவி. "இந்த வாரத்துல இது நாலாவது தடவ கூப்பிடுறேன். அங்க என்ன நடக்குது? காத்து இந்தப் பக்கம் அடிக்குது, உங்க மாடு கத்துறது எங்க சமையக்கட்டு வரைக்கும் கேக்குது. கன்னப் பிரிச்சுட்டீங்களா?"

"பிரிச்சாச்சு. இன்னிக்கு முதல் சனிக்கிழமை."

"அது எங்களுக்குத் தெரியாதா? யாரு வந்திருக்கா?"

"யாரும் வரல."

"யார யாரக் கூப்பிட்டீங்க?"

ஓரினுக்குக் கேள்வி புரியவில்லை. "கூப்பிடுறதா? தேதிதான் எல்லாருக்கும் தெரியுமே."

மறுமுனையில் கரண்டியைக் கீழே வைக்கிற சத்தம் கேட்டது.

"ஏன் மனுஷா," என்றாள் ட்விலா, "லெஸ்டர் வருஷா வருஷம் எங்க வீட்டுல வந்து ரெண்டு மணி நேரம் உக்காந்து எங்க அம்மாவோட இடுப்பு வலியக் கேட்டுட்டுப் போனாரே, எதுக்குன்னு நெனச்சீங்க?"

"பன் திங்க."

"பன்னும் தின்னாருதான். எந்திரிக்கும்போது, 'சனிக்கிழமை ஒன்பதுக்கு, கேலன் கயிறு வீசணும், நீ பீன்ஸ் கொண்டு வா'ன்னு சொல்லிட்டுப் போவாரு. எட்டு வீட்டுக்கும் அப்படித்தான். கூப்பிடாம எவனாவது அடுத்தவன் பட்டிக்குள்ள போவானா? உன் மாடு எத்தன, எது நோஞ்சான்னு எண்ண வந்தேன்ற மாதிரி ஆயிடாது?"

"மத்தவங்க வீட்டுச் சூட்டுக்கு, எனக்கு அவன் 'நாளைக்கு ஹார்லன் வீடு'ன்னோ 'நாளைக்கு ட்விலா வீடு'ன்னோதான் சொல்லுவான். நான் போவேன்."

"நல்லாப் போனீங்க. நீங்க போன எடுக்கல, நேர்லயும் வரல. விக்கப் போறீங்க, அதான் சொல்லக் கூச்சப்படுறீங்கன்னு நாங்க நெனச்சோம். அதப் போயி மூஞ்சிக்கு நேராக் கேக்க முடியுமா? இங்க கேலன் காலையில ஏழு மணிக்கே பூட்ஸ மாட்டிக்கிட்டு, குதிரைய டிரெய்லர்ல ஏத்திட்டு, அது உள்ள சாணி போட்டுக்கிட்டு நிக்குது. 'என்னய்யா இது'ன்னு கேட்டா, 'சும்மா, குதிரைக்குப் பழக்கம் விட்டுப்போகக் கூடாது'ன்றாரு."

பின்னாலிருந்து கேலனின் குரல் கேட்டது: "அவன் கூப்பிடுறானா இல்லையான்னு கேளுடி முதல்ல!"

ஓரின் போனை மற்றக் காதுக்கு மாற்றினார். அறுபது வருஷத்தில் யாரையும் எதற்கும் அழைத்ததில்லை. "வாங்க," என்றார். பிறகு, "சாப்பாடு இல்ல ட்விலா. நான் ஒண்ணும் வைக்கல. மாட்டுக்கறி எல்லாம் ஃப்ரீசர்ல கல்லு மாதிரி இருக்கு."

"கூப்பிட்டுட்டு சோறு இல்லன்னு சொல்ற மொத ஆளு நீங்கதான். பீன்ஸ் என் அடுப்புல வெந்துக்கிட்டிருக்கு, நேத்தே ஊறப்போட்டேன். எதுக்கு ஊறப்போட்டேன்னு கேக்காதீங்க. சரி, பேனா எடுங்க. மத்த ஏழு வீட்டு நம்பர் சொல்றேன்."

"நீயே சொல்லிரேன்."

"நான் கூப்பிட்டா அது ட்விலா வீட்டுச் சூடு. நீங்கதான் கூப்பிடணும். எடுத்த எடுப்புல 'வா'ன்னு சொல்லிடாதீங்க, மூணாவது வார்த்தையா சொல்லுங்க."

நம்பர்களை டைரக்டரியின் அட்டையில் எழுதிக்கொண்டார். முதல் நாலு வீடும் எளிதாகவே முடிந்தன. இரண்டு பேர் ஏற்கனவே குதிரையை ஏற்றி வைத்திருந்தார்கள், காரணம் யாரும் சொல்லவில்லை. ஒரு வீட்டில் மனுஷி, "நாங்க கோவத்துல இருந்தோம், இப்ப இல்ல," என்று சொல்லி வைத்துவிட்டாள். ஒவ்வொரு வீட்டிலும் எதையாவது விசாரிக்க வேண்டியிருந்தது. ஓரின் மழையை விசாரித்தார். மழையைப் பற்றி நாலு வீட்டிலும் ஒரே தகவல்தான், இருந்தாலும் நாலு பேரும் தனித்தனியாகச் சொன்னார்கள். அடுத்த இரண்டும் அப்படியே.

கடைசி நம்பர் ஹார்லன் பீட்டர்ஸ். எண்பத்திரண்டு வயது. கன்றைப் பிடிக்க அவர் கையில் இனித் தெம்பு இல்லை. ஆனால் அவருடைய பேரன்கள் மூன்று பேருக்கும் சேர்த்து ஆறு நல்ல கை இருந்தது, அவர் சொல்லாமல் அவை அசையாது.

"யாரு, ஓரினா? டேய், உனக்குப் பேச வருமா? நீ பேசுவேன்னு லெஸ்டர் பொய் சொல்றான், நீ ஊமைதான்னு நான் பந்தயமே கட்டியிருந்தேன்."

"இன்னிக்கு சூடு, ஹார்லன். பசங்களக் கூட்டிட்டு வரணும்."

"வர்றோம், வர்றோம். அவனுங்க சாப்பிட்டுக்கிட்டிருக்கானுங்க. அதுக்குள்ள ஒண்ணு சொல்றேன் கேளு. என் கருப்புக் காளை இருக்கே, போன மாசம் வேலியத் தாண்டி..."

ஜன்னலுக்கு வெளியே, சாலையின் அந்தக் கோடியில், கேலனின் டிரெய்லர் கிளப்பிய புழுதி தெரிந்தது. அதற்குப் பின்னால் இன்னொன்று. பட்டியில் அடுப்பை மறுபடி பற்றவைக்க வேண்டும். ஊசியில் மருந்து ஏற்ற வேண்டும். மாடுகள் கத்தின. ஓரினுக்குப் பெரிதாக ஒன்றும் தோன்றவில்லை. தொடை மட்டும் இப்போது கொஞ்சம் வலித்தது. போனில் ஹார்லனின் காளை இன்னும் வேலியின் மேலேயே இருந்தது.

காலால் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"அப்புறம்?" என்றார்.