இசியோமாவின் மூக்கில் கண்ணாடி இல்லை

1

இந்தக் கதை நான் யோசித்து எழுதியதல்ல, திருடியது. நைஜர் ஆற்றங்கரையில், படப்பிடிப்புக்கு வாடகைக்கு விடாத வீடே இல்லாத அசாபா நகரில், கண் மருத்துவரிடம் என் முறைக்காகக் காத்திருந்தேன். பக்கத்து நாற்காலியில் நாற்பத்தொன்பது வயதுப் பெண்ணொருத்தி விரல்நுனியில் லென்ஸை ஏந்தி, கண்ணை அகல விரித்து, ஏழாவது தடவையாகத் தோற்றுக்கொண்டிருந்தாள். சினிமாவில் பார்த்த முகம்.

"எட்டத்துக்கும் கிட்டத்துக்கும் சேத்து ஒரே லென்ஸுங்க மேடம்," என்றார் மருத்துவர். "எதை எப்பப் பாக்கணும்னு மூளை தானா பழகிக்கும். ரெண்டு வாரம் குடுங்க. வெளிச்சம் கொறஞ்சா மட்டும் பொடி எழுத்து கலங்கும். அப்புறம், மொளகா அரிஞ்ச கையோட கண்ணுகிட்ட போயிராதீங்க."

"என் புருஷன் ஓடிப்போன அன்னைக்கே மொளகா அரியறத விட்டுட்டேன் டாக்டர்."

இந்தப் பதிலுக்காகவே அவளைக் கதைக்குள் கூட்டி வந்துவிட்டேன். இசியோமா என்ற பெயர் நான் வைத்தது.

2

முதலில் இப்படித் தொடங்கினேன்: 'மூக்கு நுனிக்கு நழுவிய கண்ணாடிக்கு மேலாக இசியோமா அவனை'

அடித்துவிட்டேன். கண்ணாடி வேண்டாமென்றுதான் அவள் அவ்வளவு பாடுபட்டாள். நானோ அதையே கொண்டுவந்து மாட்டுகிறேன். வயதைக் காட்ட அதுதான் சுலபம். சோம்பேறித்தனம், வேறென்ன. (எனக்கும் கண்ணாடி உண்டு. அதைப் போட்டால் தெருவில் என்னை 'ப்ரொபசர்' என்கிறார்கள். அவள் போட்டால் மாமியார் என்கிறார்கள்.)

3

இயக்குநர் ஓனோச்சிக்கு முப்பத்திரண்டு வயது. உதவியாளனாக இருந்தபோது அவளை 'சிஸ்டர்' என்பான், இப்போது 'ஆன்ட்டி'. அவனுடைய புதுப் படத்தில் அவள் கேட்டது டயர் கடை நடத்தும் விதவையின் வேடம். அந்த விதவை நாற்பத்தொன்பதில் காதலித்து, ஊரறியக் கல்யாணம் செய்துகொள்கிறாள். போன மாதம் வசனம் வாசிக்கச் சொன்னபோது இசியோமா தாளைக் கை எட்டும் மட்டும் தள்ளிப் பிடித்தாள். ஓனோச்சி சாமான் பெட்டியிலிருந்து பவர் இல்லாத கண்ணாடியொன்றை எடுத்து அவள் மூக்கில் மாட்டினான்.

"பாத்தீங்களா ஆன்ட்டி, மாமியார் தானா வந்து உக்காந்துட்டா."

எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். மாமியார் வேடமென்றால் சோபாவில் உட்கார்ந்து மருமகளைத் திட்ட வேண்டும், மூன்று நாள் வேலை. ஒரு முறை ஒப்புக்கொண்டால் பிறகு சாகும் வரை சோபாதான். (சொன்னது நானல்ல. பதினோரு வருடமாகச் சோபாவிலேயே இருக்கும் அவள் தோழி.)

4

இரண்டாவது வாசிப்பு, படப்பிடிப்பு வீட்டில், கண்ணில் லென்ஸோடு; இதுதான் கடைசி வாய்ப்பு. இங்கே ஒரு திருப்பம் வைக்க நினைத்தேன்: பதற்றத்தில் வலது கண் லென்ஸை இடது கண்ணில் மாட்டிக்கொண்டு... வேண்டாம். எனக்கு வசதி என்பதற்காக அவளை முட்டாளாக்குவானேன். நடந்தது சாதாரணம்தான். தாளைக் கையில் வாங்கினாள், கரண்ட் போனது.

ஜெனரேட்டரில் சொட்டு எண்ணெய் இல்லை. ஜன்னல்களிலெல்லாம் படப்பிடிப்புக்காகக் கட்டிய கறுப்புத் துணி. எழுத்தெல்லாம் குழைந்த சோறாகிவிட்டது. ஓனோச்சியின் கை சாமான் பெட்டிக்குப் போவதைக் கவனித்தாள். எட்டத்தில் இருப்பது நன்றாகவே தெரிந்தது.

(இந்த இடத்தில் எழுதுவதை நிறுத்திவிட்டு இரண்டு நாள் சும்மா இருந்தேன். தோற்றுவிடுவாளோ என்று பயம்.)

"தம்பி, அந்தப் பெட்டிய மூடு," என்றாள். "எல்லாரும் வெளிய வாங்க."

"எதுக்கு ஆன்ட்டி?"

"டயர் கடைக்காரி வெயில்ல நிக்கறவ. இருட்டுல உக்காந்திருக்கறது உன் மாமியார்தான்."

முற்றத்தில் கோழிகளை விரட்டிவிட்டு, உச்சி வெயிலில் நின்று மூன்று பக்கத்தையும் தடுக்காமல் வாசித்தாள். அவ்வளவும் பொடி எழுத்து. இடையிடையே தலை தூக்கி, கேட்டருகே நின்ற ஓனோச்சியையே காதலனாக்கிக்கொண்டு அவன் கண்ணைப் பார்த்துப் பேசினாள். அவன்தான் முதலில் குனிந்தான். எனக்கு விசிலடிக்கத் தோன்றியது.

5

முடிவு.

அ) வேடம் கிடைக்கிறது, படம் ஓடுகிறது, ஓடிப்போன புருஷன் டிக்கெட் வாங்க வரிசையில் நிற்கிறான். (எனக்குப் பிடித்திருக்கிறது. அதனாலேயே சந்தேகம்.)

ஆ) முப்பத்தைந்து வயதுக்காரியின் தலையில் வெள்ளை பூசி விதவையாக்குகிறார்கள். (இதுதான் வழக்கம். எழுத மாட்டேன்.)

ஓனோச்சி சொன்னது இரண்டும் இல்லை.

"வேஷம் உங்களுக்குத்தான் ஆன்ட்டி. கல்யாண சீன்ல மட்டும் கண்ணாடி போட்டுக்கங்க. இல்லன்னா இவளுக்கு நாப்பத்தொம்பதுன்னு படம் பாக்கறவங்களுக்கு எப்படித் தெரியும்?"

"அவங்களையே கேளு," என்றாள் இசியோமா. "கண்ணாடி வேணும்னு சொன்னாங்கன்னா வேஷத்த நீயே வெச்சுக்க."

பார்க்கிறவர் நீங்கள்தான். என்னிடம் கேட்காதீர்கள், நான் ஏற்கெனவே ஒரு முறை அவளுக்குக் கண்ணாடி மாட்டியவன். வேண்டுமா, வேண்டாமா, நீங்களே சொல்லுங்கள். அவள் இன்னும் வெயிலில்தான் நிற்கிறாள். இந்த வரியை வாசிக்கிறாள். பிறகு தலையைத் தூக்கி, நின்ற இடத்திலிருந்தே உங்கள் முகத்தைப் பார்க்கிறாள்.