ஒரு கட்டுக் கடலைக்கொடி

மொக்கைச்சாமிக்குத் தன் மாப்பிள்ளையைப் பார்த்து "வாங்க" என்று சொல்ல மட்டும் வாய் வரவில்லை. "எத்தன கட்டு?" என்று கேட்க வந்தது.

நயா பைசா வந்த வருஷத்து மார்கழி அது. ஐப்பசி மழை சாணார்பட்டிப் பக்கத்துச் செம்மண் காடுகளை ஏமாற்றிவிட்டுப் போயிருந்தது. நிலக்கடலை எப்படியோ தப்பித்துக்கொண்டது. காய் சுமார்தான், கொடி நல்ல கொடி. மொக்கைச்சாமி அதைக் காயவைத்துக் களத்து ஓரத்தில் படப்பாகக் குவித்து வைத்திருந்தார். புல் இல்லாத வருஷத்தில் கடலைக்கொடி வைத்திருப்பவன் கொஞ்சம் நிமிர்ந்துதான் நடப்பான். மொக்கைச்சாமி சாதாரண வருஷத்திலேயே நிமிர்ந்து நடக்கிற ஆள், கேட்க வேண்டுமா?

அந்தக் கொடியை வாங்கத்தான் சங்கிலி வந்து நின்றான். சில மைல் தள்ளி அவன் ஊர். செம்மறி ஆட்டுக்காரன். மொக்கைச்சாமியின் ஒரே மகள் சிவனம்மாளை வைகாசியில் கட்டியவன். கட்டியவளோ கார்த்திகையிலிருந்து அப்பன் வீட்டில் இருக்கிறாள். பெண்டாட்டியை அழைத்துப்போக வந்தேன் என்று அவன் சொல்லியிருந்தால் மாமனார் உள்ளே கூப்பிட்டிருப்பார். மாமனார் உள்ளே கூப்பிட்டிருந்தால் அவனும் சொல்லியிருப்பான். இப்படி இரண்டு பேரும் அடுத்தவன் வாயைப் பார்த்துக்கொண்டு நின்றால் கடவுளே வந்தாலும் ஒன்றும் நடக்காது.

"ஒரு கட்டு மாமா" என்றான் சங்கிலி.

புருஷனும் பெண்டாட்டியும் போட்டதைச் சண்டை என்று சொன்னால் சண்டைக்கே கேவலம். சங்கிலி ஆடுகளை ஓட்டிக்கொண்டு ஊர் ஊராகப் போய்க் கிடை போடுவான். யாருடைய காட்டுக்கு எரு வேண்டுமோ அங்கே இரவில் ஆடுகளை அடைத்துவிட்டு அவனும் பக்கத்திலேயே படுத்துக்கொள்வான். புதுப் பெண்டாட்டி வீட்டில் தனியாகப் படுத்துக் கூரை ஓலையைப் பார்த்துக்கொண்டிருப்பாள். திருக்கார்த்திகைக்குக் கட்டாயம் வந்துவிடுவதாகச் சொல்லிவிட்டுப் போனான். சிவனம்மாள் வாசல் நிறைய விளக்கு வைத்துவிட்டுக் காத்திருந்தாள். மறுநாள் உச்சிப்பொழுதில் வந்தான். ஓர் ஆடு குட்டி போட முடியாமல் தவித்ததாம். வந்தவன் கேட்ட முதல் கேள்வி, "கஞ்சித் தண்ணி இருக்கா? ஆட்டுக்கு வேணும்."

"ஆடு வேணுமா, நான் வேணுமா? ஒண்ணச் சொல்லுங்க" என்றாள் சிவனம்மாள்.

வாயில் கொழுக்கட்டை வைத்தவன் மாதிரி நின்றான் அவன். நீதான் என்று ஒப்புக்காவது சொல்லியிருந்தால் அவளே கஞ்சியைத் தூக்கிக்கொண்டு ஆட்டுக்கு ஓடியிருப்பாள். அவன் நின்றுகொண்டே இருந்தான். அவள் மாற்றுச் சேலையைச் சுருட்டிக்கொண்டு நடந்துவிட்டாள்.

ஆடுகள்மேல் அவளுக்குக் கோபம் கிடையாது. கல்யாணமான புதிதில் ஒரு பெட்டை ஆடு வேலி தாண்டும்போது காலை முறித்துக்கொண்டது. மூங்கில் சிம்பு வைத்துக் கட்டி, கம்மங்கூழ் ஊற்றி, அதை எழுப்பி நிற்கவைத்தவள் சிவனம்மாள்தான். கால் கூடிவிட்டது, கொஞ்சம் சாய்த்து நடக்கும். நொண்டிச்சி என்று பெயர் வைத்தாள். புருஷன் கிடைக்குப் போன நாட்களில் அவள் மனம்விட்டுப் பேசியதெல்லாம் அந்த ஆட்டிடம்தான்.

அப்பன் வீட்டில் சோற்றுக்குக் குறைவில்லை. ஆனால் எந்த ஆட்டு வாடையை அங்கே இருந்தபோது மூக்கைச் சுளித்துக்கொண்டு திட்டினாளோ, அதே வாடைக்கு இங்கே ஏங்கினாள். அவன் துண்டில், தலையில், படுக்கும் பாயில் எல்லாம் இருந்த வாடை. யாரிடம் சொல்ல முடியும் இதை? கேட்டால் சிரிப்பார்கள்.

மொக்கைச்சாமி, சங்கிலி கொடுத்த காசை மடியில் முடிந்துகொண்டு, "கட்டிக் குடு. ரொம்பத் தாராளம் காட்டாத" என்று மகளிடம் சொல்லிவிட்டுக் கிணற்றுப் பக்கம் போனார். சிவனம்மாள் படப்பிலிருந்து கொடியை உருவினாள். சங்கிலி கயிற்றை விரித்துப் போட்டான்.

"பனிக்காலம்" என்றான் கயிற்றைப் பார்த்து. "பனிப்புல்லத் தின்னா கழியுது. வெயில் ஏறுற மட்டும் கொடி போட்டுத்தான் பட்டியில நிறுத்த வேண்டியிருக்கு."

"நொண்டிச்சி?"

"இருக்கு."

"சினையா?"

"ம்."

அவ்வளவுதான். கட்டைத் தலையில் ஏற்றிக்கொண்டு போனான். கண்மாய்க் கரையில் ஏறி மறுபக்கம் இறங்கும்வரை அந்தக் கட்டு தெரிந்தது. ஆட்டை விசாரித்தவள் ஆளை விசாரிக்கவில்லையே என்று அன்றைக்கு முழுவதும் அவள் தன்னையே திட்டிக்கொண்டிருந்தாள்.

சில நாள் கழித்து மறுபடி வந்தான். மறுபடியும் ஒரு கட்டு.

"வண்டி கட்டிட்டு வந்தா ஒரே நடையில முடியும்ல மாப்ள? எதுக்கு இப்படிச் சொமந்து சாகணும்?" என்றார் மொக்கைச்சாமி.

"வண்டி கெடைக்கல மாமா."

சிவனம்மாள் படப்புப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அவன் பக்கத்து வீட்டுப் பேச்சிமுத்துவின் வண்டி நுகத்தடியை மண்ணில் ஊன்றிக்கொண்டு சும்மாதான் கிடக்கும். கேட்டால் தரமாட்டேன் என்கிற மனுஷனும் இல்லை. அவளுக்கு வந்த சிரிப்பில் கொடி கைநழுவியது. அவன் கொடிக்கு மட்டும் வரவில்லை என்பது அவளுக்கு அன்றே தெரிந்துவிட்டது. தெரிந்து என்ன? அவன் வாயால் வரவேண்டாமா?

அதற்கடுத்த முறை அவள் ஒரு வேலை செய்தாள். கொடியை உதறி உதறி, பொதபொதவென்று அடுக்கிக் கட்டினாள். பார்வைக்குப் பெரிய கட்டு, உள்ளே பாதிதான். சீக்கிரம் தீர்ந்தால் சீக்கிரம் வருவான் அல்லவா? தூக்கும்போதே கனம் தெரிந்திருக்கும். சங்கிலி அவளை ஒரு பார்வை பார்த்தான். கட்டைத் தலையில் வைத்துக்கொண்டு போய்விட்டான். நினைத்தது போலவே சீக்கிரம் வந்தான். கட்டு இன்னும் சின்னதானது.

ராத்திரியில் பட்டியில் நிற்கிற ஆடுகளின் நினைப்பு வரும். அடுத்த முறை நிறைய வைக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டு தூங்குவாள். அவன் வந்து நின்றதும் கை பழையபடி கொஞ்சமாகத்தான் அள்ளும்.

தை பிறந்ததும் சங்கிலிக்கு வாய் திறந்தது. அவள் ஒன்று கேட்டால் அவன் நாலு சொன்னான். நொண்டிச்சி கொடியில் இலையைப் பொறுக்கித் தின்றுவிட்டுத் தண்டை ஒதுக்குகிறதாம். கிடா கட்டோடு முட்டித் தள்ளி நடுவில் புகுந்துகொள்கிறதாம். செவலைக் குட்டி இவன் துண்டை மென்று ஓட்டை போட்டுவிட்டதாம். வீட்டில் இருந்த மாதங்களில் இத்தனை வார்த்தை பேசியிருந்தால் எவள் கிளம்பி வந்திருப்பாள்? சிவனம்மாள் கொடியை உருவுவதை நிறுத்திவிட்டுக் கேட்டுக்கொண்டு நிற்பாள். அவன் போன பிறகு அந்தக் கதைகளை ஒவ்வொன்றாகத் திரும்ப நினைத்துப் பார்ப்பாள். சோறு பொங்கி வழிவதுகூடத் தெரியாது.

படப்பு இடுப்பளவுக்கு இறங்கிவிட்டது. ஒருநாள் மொக்கைச்சாமி டவுனுக்குப் போய்விட்டு வந்து, மிச்சத்தைப் பால்மாடு வைத்திருக்கிற ஒருவருக்குப் பேசி முடித்துவிட்டதாகவும் வெள்ளிக்கிழமை வண்டி வரும் என்றும் சொன்னார். சிவனம்மாள் போய்ப் படப்பைப் பார்த்துக்கொண்டு நின்றாள். கொடி இல்லையென்றால் அவன் எதற்கு வருவான்? என்ன சொல்லிக்கொண்டு வருவான்?

வியாழக்கிழமை அவன் வந்தான். அவள் கட்டைக் கட்டி முடித்துவிட்டு நேராக அவன் முகத்தைப் பார்த்தாள்.

"நாளைக்கு வண்டி வருது. இனிமே கொடி இல்ல."

அவன் படப்பைப் பார்த்தான். காலைப் பார்த்தான். களத்தில் ஒரு கோழி மண்ணைக் கிளறிக்கொண்டிருந்தது, அதையும் பார்த்தான். அவள் விடவில்லை, நின்றாள். இப்போது சொல்லிவிடுவான் என்று காத்திருந்தாள்.

"நொண்டிச்சி குட்டி போட்டுருச்சு" என்றான். "ரெட்டக் குட்டி. பால் பத்தல."

கட்டைத் தூக்கிக்கொண்டு போயே போய்விட்டான்.

அவளுக்கு முதலில் வந்தது ஆத்திரம். இனி நீ வர வழியில்லை என்று ஒருத்தி சொல்கிறாள், இவன் ஆட்டுக்குப் பால் பற்றவில்லை என்கிறான்! ஆத்திரம் அடங்கியதும் வேறொன்று வந்து உட்கார்ந்துகொண்டது. சினை ஆட்டுக்கு வயிறு நிறையத் தீனி வேண்டும். பனிக்காலத்தில் வாயில் வைக்கப் புல் இல்லாத ஆட்டுக்கு, புருஷன் முகத்தைப் பார்க்கிற ஆசையில் பாதிக் கட்டு கட்டிக் கொடுத்தவள் அவள். பால் எங்கிருந்து வரும்?

அன்று சாயங்காலமே பருத்திக்கொட்டையை ஊறப்போட்டாள். விடிந்ததும் ஆட்டி, தூக்குச் சட்டியில் ஊற்றிக்கொண்டாள். இன்னொரு பையில் கம்பு.

"எங்க கெளம்பிட்ட?" என்றார் மொக்கைச்சாமி.

"ஆட்டுக்குத் தீனி வைக்க."

"யாரு ஆட்டுக்கு?"

"என் ஆட்டுக்கு."

மொக்கைச்சாமி களத்துக்குப் போய் ஒரு கட்டைத் தூக்கி வந்து அவள் தலையில் வைத்தார். "இத ஒழுங்கா அமுக்கிக் கட்டியிருக்கேன்" என்றார். அவள் கழுத்து கனத்தில் உள்ளே போனது. அப்பா எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டுதான் இருந்திருக்கிறார்.

அவன் ஊருக்குப் போய்ச் சேரும்போது வெயில் ஏறிவிட்டது. வீட்டுக்குப் பின்னால் முள் போட்டு அடைத்த பட்டி. படல் திறந்து கிடந்தது. உள்ளே ஓர் ஆடுகூட இல்லை. புழுக்கை காய்ந்து வெளுத்துப்போயிருந்தது. மேய்ச்சலுக்குப் போயிருக்கும் என்று நினைத்துத் திரும்பியவள் சுவர் ஓரத்தைப் பார்த்து நின்றுவிட்டாள். கடலைக்கொடிக் கட்டுகள். ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கி, மேலே பனைஓலை போட்டு மூடியிருந்தது. ஒரு கட்டும் அவிழ்க்கவில்லை. அவள் போட்ட முடிச்சு அப்படியே இருந்தது.

சங்கிலி கொல்லைக் கதவைத் திறந்துகொண்டு வந்தான். அவளைப் பார்த்ததும் அங்கேயே நின்றான்.

"ஆடு எங்க?"

"வித்துட்டேன்."

"எப்ப?"

"மார்கழிக் கடைசியில. அய்யலூர்ச் சந்தையில."

அப்படியானால் தையில் சொன்ன கதைகள்? துண்டை மென்ற குட்டி? "நொண்டிச்சி குட்டி போட்டுச்சுன்னு நேத்துச் சொன்னீங்க!"

"அம்புட்டு நாளும் நீ அதத்தான கேட்ட. நான் என்னத்தச் சொல்ல?"

"எதுக்கு வித்தீங்க?"

அவன் அவளைப் பார்த்தான். கார்த்திகையில் தான் கேட்ட கேள்வி அவளுக்கு ஞாபகம் வந்தது.

"வித்துட்டேன்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா அன்னிக்கே கூட வந்திருப்பேனே!"

"சொல்லணும்னுதான் ஒவ்வொரு தடவையும் வாரேன். உங்கப்பா எத்தன கட்டுன்னு கேட்டாரு. ஒண்ணுன்னு சொல்லிட்டேன்."

சிரிப்பதா அழுவதா என்று அவளுக்குத் தெரியவில்லை. தலைக் கட்டை இறக்கினாள். தூக்குச் சட்டி மட்டும் கையில் இருந்தது.

"நொண்டிச்சிய யாரு வாங்குனா?"

"தெரியல. நத்தம் பக்கத்து ஆளுன்னாங்க, மணப்பாறைன்னும் சொன்னாங்க. கூட்டத்தோட ஓட்டிட்டுப் போயிட்டான்" என்றான். அவள் கையிலிருந்த சட்டியைப் பார்த்து, "திரும்பித் திரும்பிப் பாத்துச்சு" என்றான்.

சிவனம்மாள் பட்டிக்குள்ளேயே உட்கார்ந்து அழுதாள். புருஷன் கிடைத்துவிட்டான். அந்த ஆசையெல்லாம் தீர்ந்த இடத்தில் இன்னோர் ஏக்கம் கிளம்பிவிட்டது. எங்கோ ஒரு மந்தையில் ஒரு காலைச் சாய்த்துக்கொண்டு அது நடக்கும். பெயர் தெரியாதவன் ஓட்டிக்கொண்டு போவான்.

சங்கிலிக்கு அவள் எதற்கு அழுகிறாள் என்று புரியவில்லை. பயந்துபோய், "அப்பா வீட்டுல கொண்டுபோய் விட்டுரட்டா?" என்றான்.

"பேசவே வராத மனுசன் பேசுறதப் பாரு!" என்றாள் அவள் அழுதுகொண்டே. முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். "அடுத்த வியாழக்கெழம அய்யலூர்ச் சந்தைக்குப் போவோம். நானும் வாரேன்."

"கெடைக்காது புள்ள. வித்து எம்புட்டு நாளாச்சு."

"தெரியும்" என்றாள் சிவனம்மாள். "இருந்தாலும் போவோம்."