மூச்சு முட்டாத வீடு

தென்காசி தெற்கு மாசி வீதியில் பலவேசத்தின் கடையைக் கண்டுபிடிக்கப் பெயர்ப்பலகை தேவையில்லை, மூக்கு போதும். பினாயில், பிளீச்சிங் பவுடர், மூட்டைப்பூச்சி மருந்து, கக்கூஸ் கழுவுகிற ஆசிட், பாச்சை உருண்டை எல்லாம் ஒரே கூரைக்கடியில் குடித்தனம் நடத்தினால் வேறு எப்படி இருக்கும்? கடைக்குப் பின்கட்டில்தான் வீடு. கல்யாணமாகி வந்த புதிதில் வடிவம்மாளுக்குக் காலையில் எழுந்ததும் தலை சுற்றும். அப்புறம் பழகிவிட்டது என்று சொல்லிக்கொண்டாள். பழகவெல்லாம் இல்லை, மூக்கு செத்துப்போயிற்று. பிச்சிப்பூவைத் தலையில் வைத்துக்கொண்டு, பூ வாடிவிட்டதா இல்லையா என்று அடுத்தவளிடம் கேட்பாள்.

காது மட்டும் நன்றாக உயிரோடு இருந்தது. நாயனச் சத்தம் கேட்டுவிட்டால் அடுப்பில் பால் இருப்பது மறந்துபோகும். அதிலும் ராயகிரி பால்வண்ணநாதன் வாசிக்கிறார் என்றால், பால் என்ன, வீடே பொங்கி வழிந்தாலும் அவள் வாசலில்தான் நிற்பாள்.

அந்தப் பால்வண்ணநாதனுக்கு இளைப்பு இருந்தது. போன வருஷம் ஊரில் ஒரு பெரிய கல்யாணத்துக்கு வந்தவரை லாட்ஜில் தங்கவைத்தார்கள். மரியாதை செய்கிறோம் என்று அறையைப் பினாயில் ஊற்றிக் கழுவி, கட்டிலுக்கு மருந்தடித்து, ஜன்னலைச் சாத்தி வைத்திருந்தார்கள். பாவிகள். முகூர்த்த நேரத்தில் மனிதர் நாயனத்தை மடியில் போட்டுக்கொண்டு, தோள்பட்டை ஏறி இறங்க மூச்சுக்குத் தவித்தார். தவிலை மட்டும் வைத்துத் தாலி கட்டினார்கள். வடிவம்மாள் அன்று சாப்பிடாமல் வந்துவிட்டாள். அந்தப் பினாயில் யார் கடைச் சரக்கு என்று அவளுக்குத் தெரியும்.

இந்த வருஷம், அதாவது எழுபத்தொன்பதில், ஐப்பசித் திருக்கல்யாணத்துக்கு அவரைத்தான் கூப்பிட வேண்டும் என்று விழாக் கமிட்டியில் பேச்சு வந்தது. ராயகிரிக்குப் போய் வந்த ஆள் பலவேசத்தின் கடையில் வைத்துத்தான் பதிலைச் சொன்னான். அம்மனுக்காக வருகிறாராம். ஆனால் இந்தத் தடவையும் மூச்சு நின்றுபோனால், நாயனத்தை உறையில் போட்டுக் கட்டிவிடுவாராம். அதற்கப்புறம் எந்த ஊருக்கும் வாசிக்க மாட்டாராம்.

கமிட்டிக்காரர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். எங்கே தங்கவைப்பது? காபித் தம்ளர்களோடு வந்த வடிவம்மாளுக்கு எங்கிருந்துதான் அவ்வளவு துணிச்சல் வந்ததோ.

"நம்ம குத்தாலத்து வீட்டுல தங்கட்டும். ஒரு சொட்டு பினாயில் வாடை இருக்காது. நான் பொறுப்பு" என்றாள்.

கமிட்டித் தலைவர் பிச்சுமணி சிரித்துவிட்டார். "யாரு சொல்லுதா பாத்தியளா? பினாயில் கடைக்காரர் சம்சாரம்!"

பலவேசம் காபியை வாயில் வைத்தபடியே நாக்கைச் சுட்டுக்கொண்டான்.

குற்றாலத்து வீடு அவளுடைய அப்பா கொடுத்தது. ஐந்தருவி போகிற வழியில், வாழைக்கு நடுவில், ஓடு போட்ட வீடு. சீசனில் வாடகைக்கு விடுவார்கள். எண்ணெய் தேய்த்துக் குளிக்க வருகிற கூட்டம் தரையெல்லாம் எண்ணெயாக்கிவிட்டுப் போகும். ஒவ்வொரு கூட்டம் போனதும் பலவேசம் கடையிலிருந்து டின் டின்னாகக் கொண்டுவந்து கொட்டுவான். சுவரும் தரையும் வருஷக்கணக்காகக் குடித்த மருந்து அது.

மறுநாளே முதல் பஸ்ஸில் போய் இறங்கிவிட்டாள். மேலே மலையில் மேகம் இறங்கியிருந்தது, அருவிச் சத்தம் வீட்டுக்குள்ளேயே கேட்டது. அவளுக்கு உடம்பெல்லாம் பரபரத்தது. டின்களை எல்லாம் தூக்கி ஊருக்குத் திருப்பி அனுப்பினாள். சுவருக்குக் கிளிஞ்சல் சுண்ணாம்பு அடித்தாள். பூந்திக்கொட்டையை ஊறவைத்து நுரைக்க நுரைக்க அடித்துத் தரையில் கொட்டி, தேங்காய் நாரால் தேய்த்தாள். எண்ணெய்ப் பிசுக்கு கழன்று வந்ததைப் பார்த்தபோது "வாட்டி வா!" என்று தரையைப் பார்த்தே கத்தினாள். கட்டிலில் இருந்த மூட்டைப்பூச்சிகளுக்குக் கொதிக்கக் கொதிக்க வெந்நீர். பித்தளைக் குழாய்க்கு ரசம் வைத்த புளிச்சக்கை. கழுவிய தண்ணீர் அப்படியே வாழைக்குப் போயிற்று. குப்பையில் போட ஒரு டப்பா, ஒரு பாட்டில் கிடையாது. பூந்திக்கொட்டைத் தோலும் நாரும்தான், அதையும் வாழைமூட்டில் தட்டினாள்.

எல்லாம் சரி. வாடை போய்விட்டதா என்று யார் சொல்வது? அவளுக்குத்தான் மூக்கே இல்லையே.

அப்போதுதான் ஹாஜரா பீவியின் நினைப்பு வந்தது. தென்காசியில் பின் தெருக்காரி. கணவர் ஒலி முகம்மது துபாயில் இருக்கிறார். இளைப்பு அவளுக்கும் உண்டு. பக்கத்து வீட்டில் மிளகாய் வறுத்தால் இவள் வீட்டில் முதுகு தடவ ஆள் வேண்டும். வடிவம்மாள் போய் விஷயத்தைச் சொன்னதும் அவளுக்கு ஒரே குஷி.

"என் மூச்சும் ஒரு காரியத்துக்கு ஆவுதுன்னு சொல்லுதியே வடிவு! வாறேன், இப்பவே வாறேன். அப்படியே அருவியிலயும் குளிச்சிட்டு வந்திருவோம்."

குற்றாலத்து வீட்டுப் படியேறிய உடனே ஹாஜரா பீவி இருமினாள். முதல் அறையில் இருமினாள், அடுத்ததில் தும்மினாள், அடுக்களையில் கண்ணில் தண்ணீர் கொட்டியது. இத்தனை பாடும் வீண்தானா? வடிவம்மாள் அவளைத் தோட்டத்துக்குக் கூட்டிக்கொண்டு போய் உட்காரவைத்தாள். அங்கேயும், வாழைக்கும் வானத்துக்கும் நடுவில், ஹாஜரா பீவி இருமினாள்.

வடிவம்மாள் அவளையே உற்றுப் பார்த்தாள். "ஏங்க்கா, இன்னைக்குச் சேலையில என்னத்தையும் அடிச்சிட்டு வந்தியளா?"

"அவ்வோ துபாய்ல இருந்து குடுத்துவிட்ட சென்ட்டு. வெளிய போறமேன்னு ரெண்டு அமுக்கு..." சொல்லி முடிக்கவில்லை, அவளுக்கே புரிந்துவிட்டது. "அல்லாவே! நானேதான் எனக்கு எமனா?"

இரண்டு பேரும் தோட்டத்தில் உட்கார்ந்து வயிறு வலிக்கச் சிரித்தார்கள். அப்புறம் நேரே அருவிக்குப் போய், சென்ட் போகிற வரை தலையைக் கொடுத்துவிட்டு வந்து, மாற்றுச் சேலையில் பரீட்சையை முதலிலிருந்து ஆரம்பித்தார்கள். தரை பாஸ். சுவர் பாஸ். இலவம்பஞ்சுத் தலையணையில் முகம் வைத்ததும் தும்மல் வந்தது, தலையணை வெளியே போயிற்று. துவைத்த வேட்டியை மடித்து வைத்தார்கள். கொசுவுக்கு நொச்சியைப் புகைத்துப் பார்த்தார்கள், இருமல். அதற்கு ஒரு கொசுவலை வந்தது. கடைசியில் வடிவம்மாள் ஆசையாகச் சாம்பிராணித் தட்டை எடுத்தாள்.

"சாம்பிராணி ஒண்ணும் செய்யாது. நல்ல சாமான்லா."

ஹாஜரா பீவிக்கு இருமல் பிடித்துக்கொண்டது. கையால் வாசலைக் காட்டினாள். சாம்பிராணியும் தோட்டத்துக்குப் போயிற்று. நல்லது கெட்டது என்று ஊர் சொல்வது ஒன்று, இந்த நெஞ்சு சொல்வது ஒன்று, இனி இந்த நெஞ்சைத்தான் கேட்பது என்று வடிவம்மாள் முடிவு செய்துகொண்டாள்.

பால்வண்ணநாதன் வந்தார். நெட்டையான ஆள். வாசலில் நின்று தயங்கித் தயங்கி உள்ளே மூச்சிழுத்துப் பார்த்தார். இன்னொரு தடவை இழுத்தார். பிறகு செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார். விடியக் காலையில் தோட்டத்தில் நின்று நாயனத்தின் சீவாளியை வாயில் வைத்து மெல்ல ஊதினார். அடுக்களையில் நின்றிருந்த வடிவம்மாள் அழுதாள். அவருக்குத் தெரியாமல்தான் அழ வேண்டும் என்றுகூட அவளுக்குத் தோன்றவில்லை.

திருக்கல்யாணத்தன்று மதியச் சாப்பாடு முடிந்ததும், "நீங்க கார்ல வாங்க அண்ணாச்சி, நான் முன்னால போறேன்" என்று சொல்லிவிட்டுப் பஸ் ஏறினாள். தென்காசிக் கோயிலின் மொட்டைக் கோபுரம் தெரிய ஆரம்பித்தபோது அவளுக்குக் கால் தரையில் இல்லை. தெற்கு மாசி வீதி முழுக்கத் தோரணம். வீதியின் இரண்டு ஓரமும் வெள்ளை வெளேரென்று இருந்தது. கோலப்பொடிதான் தாராளமாகத் தூவியிருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டு அதன் மேலேயே நடந்து வீட்டுக்கு வந்தாள்.

பலவேசம் புதுச் சட்டை போட்டுக்கொண்டு கடை வாசலில் நின்றான்.

அதே நேரத்தில் தெருமுனையில் ஒரு சலசலப்பு. ஊர்வலம் பார்க்கச் சீக்கிரமே வந்த ஹாஜரா பீவி, மின்கம்பத்தைப் பிடித்துக்கொண்டு குனிந்து நின்றாள். முக்காட்டால் மூக்கைப் பொத்தியிருந்தாள். நெஞ்சு விசிலடித்தது. வடிவம்மாள் ஓடினாள்.

"அக்கா! இன்னைக்கும் சென்ட்டா?"

ஹாஜரா பீவி இல்லையென்று தலையை ஆட்டினாள். கீழே கிடந்த வெள்ளையைக் காட்டினாள். வடிவம்மாள் குனிந்து ஒரு விரலால் எடுத்து முகர்ந்தாள். அவள் மூக்குக்கு ஒன்றும் தெரியவில்லை. நாக்கில் வைத்தாள். சுரீரென்றது.

"ஏங்க! இது என்னது?"

"பிளீச்சிங் பவுடர்" என்றான் பலவேசம் பெருமையாக. "அம்மன் வாற தெருல்லா, சுத்தமா இருக்க வேண்டாமா? மூட்டை பூராவும் என் உபயம்."

"அடப் பாவி மனுசா! அந்த வீட்டைக் கழுவிக் கழுவி என் கை தேஞ்சு போச்சு. நீங்க தெருவையே லாட்ஜா ஆக்கி வச்சிருக்கிய!"

பலவேசத்தின் முகம் செத்துவிட்டது. பார்க்கப் பாவமாகத்தான் இருந்தது. ஆனால் பாவம் பார்க்க நேரமில்லை. கார் வந்துவிடும். பல்லக்கு புறப்பட்டுவிடும். இந்தத் தூசியில் நின்று அவர் ஒரு மூச்சு இழுத்தால் போதும், நாயனம் உறைக்குள் போய்விடும்.

யாரோ ஒருத்தி வாரியலை எடுத்துக் கூட்டப் போனாள். "கூட்டாத! கூட்டுனா பறக்கும்" என்று கத்தினாள் வடிவம்மாள். "தண்ணி கொண்டாங்க! தண்ணி ஊத்தித் தள்ளணும்!" வீதியில் இருந்த வீடுகளிலிருந்து குடம், அண்டா, பானை எல்லாம் வெளியே வந்தன. எதிர்வீட்டு முப்பிடாதி பட்டுச் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு கிணற்றில் இறைத்தாள். பெண்கள் வரிசையாக நின்று கைமாற்றிக் கைமாற்றித் தண்ணீரை ஊற்ற, வெள்ளை கரைந்து தெருவோர வாறுகாலில் ஓடியது. ஹாஜரா பீவியைக் காற்று வருகிற பக்கமாக உட்காரவைத்திருந்தார்கள். அவள் அங்கிருந்தே, "அந்த மூலையில இன்னும் கிடக்கு! அங்கன, அங்கன!" என்று அதிகாரம் செய்தாள். கடைசியில் எழுந்து, முக்காட்டை இறக்கி, கழுவிய இடத்தில் நாலடி நடந்து பார்த்தாள்.

"வரச் சொல்லு வடிவு. போவுது மூச்சு."

தவில் சத்தம் கேட்டது. கோயிலிலிருந்து புறப்பட்ட பல்லக்கு முதல் வீதியாகத் தெற்கு மாசி வீதிக்குள் நுழைந்தது. முன்னால் பால்வண்ணநாதன். ஈரத் தரையைப் பார்த்தார். நனைந்த கோழிகளாக ஓரத்தில் நின்ற பெண்களைப் பார்த்தார். நாயனத்தை உயர்த்தினார். முதல் மூச்சு எடுத்தபோது வடிவம்மாள் தன் மூச்சை விடவே இல்லை. நாயனம் பிடித்த சுரம் நின்றது, நின்றுகொண்டே இருந்தது, தவில்காரர் வாசிப்பதை நிறுத்திவிட்டு அவரைப் பார்த்தார், அப்போதும் நின்றது. அதை விட்டுவிட்டுக் கல்யாணியில் இறங்கியதும் வீதியே ஆகாவென்றது. வடிவம்மாளுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. ஹாஜரா பீவியின் கையைப் பிடித்து நசுக்கினாள்.

கடை வாசலுக்கு வந்ததும் பால்வண்ணநாதன் வாசிப்பைத் தவிலுக்கு விட்டுவிட்டு, பலவேசத்தின் பக்கம் சாய்ந்தார்.

"அண்ணாச்சி, நெஞ்சு நெறைய காத்து போவுது. இன்னைக்கு நாலு வீதியும் நிறுத்தாம வாசிக்கப் போறேன்."

பலவேசம் சிரித்தான். சிரிப்பு பாதியில் நின்றுபோயிற்று. மெதுவாகத் திரும்பி மனைவியைப் பார்த்தான்.

"என்னங்க?" என்றாள் வடிவம்மாள்.

"ஏட்டி... நாலு வீதிக்கும் நான்தானே குடுத்தேன்."

ஒரு நொடிதான். வடிவம்மாள் குடத்தை எடுத்துவிட்டாள். முப்பிடாதி அண்டாவை எடுத்தாள். தெருவே பாத்திரங்களைத் தூக்கிக்கொண்டு அடுத்த தெருமுக்கை நோக்கிப் பாய்ந்தது. பலவேசம் விற்பனைக்குத் தொங்கிய வாளிகளை எல்லாம் அறுத்து இறக்கி, கண்ணில் பட்டவர் கையிலெல்லாம் திணித்தான். வேட்டியை மடித்துக் கட்டினான். பின்னால் நாயனம் மறுபடி எழுந்தது, அவசரமே இல்லாமல், முழு மூச்சோடு. புதுச் சட்டை நனைய நனைய, இரண்டு கையிலும் தண்ணீர் வாளியோடு, பினாயில் கடை பலவேசம் அம்மன் பல்லக்குக்கு முன்னால் ஓடினான்.